மென்பொருள் வந்த பின்னும் பேரேடு ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள், அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் புகுந்துள்ள புதிய தொழில்நுட்பங்களைப் பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கடிதங்கள் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

கேள்வி: முந்திரி பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பொறுப்பில் இருக்கிறேன். கொள்முதல், இருப்பு, கூலி, விற்பனை அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய இ.ஆர்.பி. மென்பொருளைச் சென்ற ஆண்டு பெருந்தொகை கொடுத்து வாங்கினோம். இன்றுவரை பழைய பேரேடும் ஓடுகிறது, மென்பொருளும் ஓடுகிறது. வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம். முதலாளி மென்பொருளைக் குறை சொல்கிறார். விற்றவர்கள் எங்கள் ஊழியர்களைக் குறை சொல்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், பண்ருட்டி

பதில்: வேலை நடக்கும் வழியைப் பழையபடியே விட்டுவிட்டு, அதன் மேல் மென்பொருளை ஏற்றிவிட்டதுதான் உங்கள் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன். ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலும் இதுவே நடந்தது என்பதால், அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நியூயார்க்கில் தாமஸ் எடிசனின் மின் நிலையம் 1882-இல் இயங்கத் தொடங்கியது. ஆயினும் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஓட்டிய விசையில் மின்மோட்டார்களின் பங்கு 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மோட்டார் வாங்கிய ஆலைகளுக்கும் பெரிய ஆதாயம் கிட்டவில்லை. நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்துவிட்டு, கூரையை ஒட்டி ஓடிய நெடிய இரும்புத் தண்டையும், அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கிய தோல் பட்டைகளையும் அவர்கள் அப்படியே வைத்திருந்தார்கள். ஒரேயோர் இயந்திரம் ஓட வேண்டுமானாலும் தண்டு முழுவதும் சுழல வேண்டும். எந்த இயந்திரம் எங்கே நிற்பது என்பதையும் அந்தத் தண்டே முடிவு செய்தது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனிச் சிறு மோட்டார் பொருத்தி, சரக்கு நகரும் வரிசைப்படி இயந்திரங்களை நிறுத்தி, அதற்கேற்பக் கட்டடங்களையே மாற்றிக் கட்டிய பிறகுதான், 1920-களில், உற்பத்தித் திறன் வேகமாக உயர்ந்தது. கணினிகள் எங்கும் கண்ணில் படுகின்றன, உற்பத்தித் திறன் பற்றிய புள்ளிவிவரங்களில் மட்டும் காணோமே என்று பொருளியல் அறிஞர் ராபர்ட் சோலோ 1987-இல் வியந்தார். அதற்கு விடை தேடிய பால் டேவிட் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் 1990-இல் எடுத்துக்காட்டியது இந்த மோட்டார் வரலாற்றைத்தான்.

உங்கள் ஆலையில் அந்த இரும்புத் தண்டின் இடத்தில் இருப்பது, கொட்டை வந்து இறங்கும்போது எடை மேடையில் எழுதப்படும் துண்டுச் சீட்டு. மூட்டை எண்ணிக்கை, எடை, ஈரப்பதம், கொட்டையை வெட்டிப் பார்த்து மதிப்பிட்ட பருப்பின் அளவு ஆகியவை அந்தச் சீட்டில்தான் முதன்முதலில் பதிவாகின்றன. சீட்டு கிடங்குக்குப் போய் அங்கே ஒரு நோட்டில் ஏறுகிறது. மாலையில் கணக்கறைக்கு வந்து பேரேட்டில் ஏறுகிறது. பிறகு, நேரம் கிடைக்கும்போது, மென்பொருளில் ஏறுகிறது. அதாவது, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து எழுதப்படும் மூன்றாம் நகலாகவே மென்பொருள் இருக்கிறது. முழுப் பருப்பின் தரங்களுள் ஒன்றான டபிள்யூ 320-இல் இன்று எவ்வளவு பருப்பு கையிருப்பில் உள்ளது என்று சென்னையிலிருந்து ஏற்றுமதி முகவர் கேட்டால், கிடங்கு மேற்பார்வையாளரின் நோட்டை நம்பலாம். திரையில் தெரிவது நேற்றைய கணக்கு. ஊழியர்கள் பேரேட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் பிழையே இல்லை. உண்மை எங்கே முதலில் எழுதப்படுகிறதோ அதைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

ஆகவே அந்த முதல் பதிவை எடை மேடையிலேயே மென்பொருளில் ஏற்றுங்கள். மின்னணு எடைக்கருவியைக் கணினியோடு இணைப்பது இன்று எளிது. இயலாவிட்டால், எடை பார்ப்பவர் கையில் ஒரு கைப்பேசியைக் கொடுத்து அங்கேயே பதியச் செய்யுங்கள். கொள்முதல் ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, ஒரு தேதியைக் குறித்து, அன்றோடு அந்தப் பேரேட்டை மூடிவிடுங்கள். ஓரிரு மாதங்கள் இரண்டையும் ஓட்டிப் பார்ப்போம் என்று தொடங்குகிற இடங்களில், அந்த ஓரிரு மாதங்கள் முடிவதே இல்லை. எடையில் தவறு நேர்ந்தால் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிச் செய்தியை முடிவு செய்யாமல் விட்டதால் முடங்கிப்போன மென்பொருள்கள் ஏராளம்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளையின் பழைய தீர்மானங்களும் கடிதங்களும் கணினியில் இருக்கின்றன. அவற்றைப் புதிய கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கெடவில்லை, அம்மா. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன்பு வெளிவந்த தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லாததால், அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தன் அலுவலகங்களுக்கு உரிய தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் பல அலுவலகங்களில் இன்னும் பழைய குறியாக்கத்திலேயே கிடக்கின்றன.

மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்பதை முதலில் கண்டறிந்து, அதற்குரிய மாற்றியைப் பயன்படுத்துங்கள். மாற்றிய பிறகு கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் ஒருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். தேதிகளையும் தொகைகளையும் கட்டாயம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். தேடினால் கிடைக்காத தீர்மானம் இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதால், இந்த வேலையை இனியும் தள்ளிப்போடுவது நல்லதன்று.

கேள்வி: தகவல் யுகம், நவீன நிறுவனம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கதை. ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கும் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அதில் என்ன இருக்கிறது?
– மீனவர், தேவனாம்பட்டினம்

பதில்: தங்கள் கேள்விக்கு விடை சொல்லத் தங்கள் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை, ஐயா. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து கம்பியில்லா வானொலி இணைப்பு வழியாகக் கிராம மையங்களுக்குத் தகவல் போயிற்று. மையத்துக்கு இடம் கொடுப்பது ஊராரின் பொறுப்பு. அதை நடத்தியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள், அவர்களில் பெண்கள் மிகுதி. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு வெளியாகி வந்தது. அதை எடுத்துத் தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியாகப் படித்தார்கள். கடலுக்குப் போகலாமா என்று கரையில் நின்று முடிவு செய்பவருக்கு அந்தச் செய்தி சேர வேண்டிய நேரத்தில் சேர்ந்தது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நல்லவாட்டில் நடந்ததைத் தாங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அங்கே கடல்கோள் (சுனாமி) செய்தியை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்ததும் ஏறத்தாழ 3,500 பேர் கரையை விட்டு வெளியேறினர். படகுகளும் வீடுகளும் அழிந்தன, உயிர்கள் தப்பின.

இந்த நிகழ்ச்சியைத் தொலைபேசியின் வெற்றியாகச் சொல்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. அந்தக் காலையில் தொலைபேசி பல ஊர்களில் இருந்தது. நல்லவாட்டில் கூடுதலாக இருந்தது, வந்த செய்தியை ஊர் முழுவதற்கும் சொல்ல ஓர் இடமும், அங்கிருந்து வரும் குரலைப் பல ஆண்டுகளாகக் கேட்டு நம்பிப் பழகிய மக்களும்தான். அவ்வகையில், என் கணக்கில் அது ஒரு நவீன நிறுவனமே.

இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழியே கணித்து, மீன் கூடும் வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. அலை, காற்று, நீரோட்டம் பற்றிய முன்னறிவிப்பும் தருகிறது. 2007 முதல் கடல்கோள் எச்சரிக்கை மையமும் அங்கேயே இயங்குகிறது. இவை இப்போது பெரும்பாலும் தனித்தனிக் கைப்பேசிகளுக்கே வருகின்றன. தங்கள் பஞ்சாயத்து செய்யக்கூடியது ஒன்றுண்டு: ஒவ்வொரு நாளும் அந்த அறிவிப்பைப் படித்துச் சொல்லும் பொறுப்பை இருவரிடம் முறை வைத்துக் கொடுத்து, ஏலக் கூடத்தில் ஒரு கரும்பலகையில் எழுதச் செய்யலாம். அறிவிப்பு பலித்ததா என்பதைக் கரை திரும்பியவர்கள் அதே பலகையில் குறிக்கலாம். ஒரு பருவம் முழுவதும் அவ்வாறு குறித்து வந்தால், வாடைக் காற்றுக் காலத்தில் எந்த அறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தங்கள் ஊரே சொல்லும். அதை வெளியூர் நிபுணர் எவரும் தங்களுக்குச் செய்து தர இயலாது.

கேள்வி: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பணிபுரிகிறேன். கணினிமயமாக்கும் திட்டத்தில் எங்கள் கணக்குகள் எல்லாம் மேகக் கணிமைக்குப் போகின்றன. இங்கே புயல் அடித்தால் நாள்கணக்கில் மின்சாரம் இருப்பதில்லை. உறுப்பினர் நகைக்கடனை மீட்க வந்து நின்றால் என்ன செய்வது?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: நாட்டில் உள்ள 63,000 சங்கங்களைப் பொது மென்பொருள் ஒன்றில் இணைக்கும் அந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. நல்ல திட்டம் என்றே கருதுகிறேன். ஒரே நிலத்தைக் காட்டி இரண்டு இடங்களில் கடன் பெறுவதும், தணிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதும் குறையும். ஆனால் தாங்கள் கேட்பது மிகச் சரியான கேள்வி. திட்டம் தீட்டுபவர்கள் எளிதில் மறந்துவிடும் கேள்வியும்கூட.

மேகம் என்று பெயர் வைத்திருந்தாலும், அது எங்கோ ஓர் ஊரில், மின்சாரமும் குளிரூட்டலும் வேண்டிநிற்கும் ஒரு கட்டடம். மும்பை, ஐதராபாத், சென்னை ஆகிய நகரங்களில் இத்தகைய தரவு மையங்கள் பெருகிவிட்டன. தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, சங்கத்தின் ஒரே கணினி நனைந்திருந்தால் அதிலிருந்த கணக்கும் போயிருக்கும். 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிய ஃபெஞ்சல் புயலிலும் அப்படித்தான். கணக்கு வெளியூரில் பத்திரமாக இருப்பது இதற்குத் தீர்வு. அந்த வெளியூர் சென்னையாக மட்டும் இருந்தால் அது அரைத் தீர்வு. 2015 டிசம்பரில் சென்னையும் சேர்ந்தே மூழ்கியதை நாம் பார்த்தோம். கணக்கின் இரண்டாம் படி (நகல்) எந்த நகரில் இருக்கிறது என்று மென்பொருள் வழங்குபவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். மூன்று படிகள், இரு வேறு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வெளியூரில் என்பது இத்துறையினர் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் விதி.

கணக்கு பிழைத்திருப்பது ஒரு பாதி. அதைப் பார்க்க முடிவது மறுபாதி. 2024 ஜூலை 19 அன்று, ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவை எடுத்து விமானமேறும் அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பயணிகள் பட்டியல் கையில் இருந்த இடத்தில்தான் அதுவும் முடிந்தது. தங்கள் சங்கத்திலும் வானிலை எச்சரிக்கை வந்த அன்றே, நகைக்கடன் நிலுவைப் பட்டியலையும் உரக் கையிருப்பையும் அச்சிட்டுப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் கொடுக்கும் கைரசீதுக்கென எண்ணிட்ட தனிப் புத்தகம் வேண்டும். மின்சாரம் வந்த பிறகு அந்த ரசீதுகளை எந்த நாளைய தேதியில், யார் ஏற்றுவது, வட்டி எந்த நாள்வரை கணக்கிடப்படும் என்பதைச் சங்கத்தின் தீர்மானமாகவே நிறைவேற்றி வைத்துக்கொள்ளுங்கள். வட்டியில் ஒரு நாள் கூடினாலும் உறுப்பினர் கேட்பார். கேட்பது அவர் உரிமை. மழைக்காலம் தொடங்கும் முன், ஒரு வேலை நாளில் இணைப்பைத் துண்டித்துவிட்டு இந்த முறைப்படி அரை நாள் பணியாற்றிப் பாருங்கள். என்னென்ன விட்டுப்போயிற்று என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: நான் பணிபுரியும் மருத்துவமனையில் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கிறது. நோயாளிகளின் ஆதார் அட்டை, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் படம் எடுத்துக் குழுவில் போடச் சொல்கிறார்கள். இது சரியா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: சரியில்லை. வேலையை விட்டு விலகியவரின் கைப்பேசியிலும், அவர் வீட்டுக் குழந்தைகள் விளையாடும் கைப்பேசியிலும் அந்த நோயாளியின் ஆதார் அட்டை தங்கியிருக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எந்தத் தேவைக்காக விவரம் கேட்கப்படுகிறது என்பதைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பதும், தேவைக்கு மேல் கேட்கக்கூடாது என்பதும் அதன் அடிப்படை. உரிய பாதுகாப்பு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு.

மேலாளரிடம் குற்றமாகச் சொல்லாமல் மாற்றுவழியோடு போய்ப் பேசுங்கள். அடையாளத்துக்கு, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் பெரும்பாலும் போதும். பரிசோதனை முடிவை மருத்துவமனை மென்பொருளில் ஏற்றிவிட்டு, குழுவில் நோயாளியின் பதிவு எண்ணை மட்டும் குறிப்பிடலாம். இதற்குப் புதுச் செலவு எதுவும் இல்லை.

கேள்வி: என் மகள் பி.காம். முடித்துவிட்டுத் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். கணக்கு எழுதும் வேலையை எல்லாம் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்ளும் என்று சொல்கிறார்கள். அவளை வேறு படிப்பில் சேர்க்கலாமா?
– தாய், முத்தியால்பேட்டை

பதில்: அவசரப்பட்டு வேறு படிப்புக்கு மாற்ற வேண்டாம், அம்மா. ஆனால் தங்கள் அச்சம் ஆதாரமற்றதும் அன்று. பற்றுச்சீட்டைப் பார்த்துப் பதிவு செய்வது, வங்கி அறிக்கையை ஏட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுவது போன்றவற்றை மென்பொருள் இப்போதே செய்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்கு எழுதும் விலைப்பட்டியலை 2023 ஆகஸ்டு முதல் அரசின் மின்னணுத் தளத்தில் பதிந்தாக வேண்டும் என்பதால், தட்டச்சு செய்ய வேண்டிய விவரங்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. இந்த வேலையை மட்டுமே தெரிந்தவர்களுக்கு இடர்ப்பாடு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

எஞ்சுவது எது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 48,000 ரூபாய்க்கு ஒன்று, 27,500 ரூபாய்க்கு ஒன்று என வாடிக்கையாளர் ஒருவருக்கு இரண்டு பட்டியல்கள் போயிருக்கின்றன. வங்கியில் வந்திருப்பதோ 75,000 ரூபாய். இரண்டையும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார் என்று மென்பொருள் ஊகித்துவிடும். 500 ரூபாய் குறைகிறது என்றும் காட்டும். அந்த 500 ரூபாய் இறக்குகூலிக்காகப் பிடித்ததா, நைந்துபோன ஒரு பெட்டிக்காகக் கழித்ததா, அல்லது மறதியா என்பது தொலைபேசியில் கேட்டால்தான் தெரியும். அதற்கேற்பத்தான் அது செலவாகவோ, விற்பனைக் குறைப்பாகவோ, வரவேண்டிய பாக்கியாகவோ ஏட்டில் அமரும். வரியும் அதனால் மாறும். தணிக்கை என்ற தொழிலே இந்தப் பொருந்தாத வரிகளில்தான் தொடங்குகிறது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு பரவிய மொழி மாதிரிகளைப் பற்றியும் அவள் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்தே அவை எழுதுகின்றன. ஆகையால், இல்லாத ஒன்றையும் உள்ளதைப் போன்ற அதே நடையில் எழுதிவிடக்கூடும். 2023-இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் சிலர், அத்தகைய கருவி கற்பனையாக எழுதிக் கொடுத்த, நடந்தே இராத வழக்குகளை மேற்கோள் காட்டி மனு அளித்து, நீதிமன்றத்தில் 5,000 டாலர் அபராதம் கட்டினர். வரிச்சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றிக் கேட்டாலும் இதே ஆபத்து உண்டு. கடிதத்துக்கு வரைவு எழுதவும், நீண்ட ஒப்பந்தத்தில் தேடவேண்டிய இடத்தைக் காட்டவும் அந்தக் கருவிகளை அவள் தாராளமாகப் பயன்படுத்தட்டும். எண்ணையும் சட்டப் பிரிவையும் மூலத்தில் தானே பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பக்கூடாது. அறிக்கையின் அடியில் கையெழுத்திடும் தணிக்கையாளர்தான் அதற்குப் பொறுப்பு. கருவி எந்த நீதிமன்றத்திலும் வந்து நிற்பதில்லை.

இப்போது அவளுக்குப் பதிவு வேலை மட்டும் தருகிறார்கள் என்றால், மென்பொருள் ஒப்பிட்டு முடித்தபின் பொருந்தாமல் எஞ்சும் வரிகளைத் தன்னிடம் தருமாறு மூத்தவரிடம் அவளைக் கேட்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசி, காரணத்தை எழுதி, எந்தத் தலைப்பில் சேர்க்கலாம் என்று தன் கருத்தையும் குறித்து அவரிடம் திரும்பக் கொடுக்கட்டும். பெரும்பாலான அலுவலகங்களில் இந்த வேலையைக் கேட்டு வாங்குபவர் எவரும் இல்லை, ஆகையால் மறுக்கமாட்டார்கள்.